ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை வார்டில் பிள்ளைகளுக்கான உடற்பயிற்சி: ஒரு முழுமையான வழிகாட்டி

இரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களைப் புதிதாக ஏற்றும் மாற்று சிகிச்சைக்காக அட்மிட் ஆகும் பிள்ளை பொதுவாக 4 முதல் 6 வாரம் ஒரே அறையில் இருக்கும். சிக்கல் வந்தால் அதற்கும் மேல். வடிகட்டிய காற்று வரும், கதவு எப்போதும் மூடியே இருக்கும் அறை. கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் பத்தடி இருந்தால் அதிகம். நாள் முழுக்க ஓடியாடிய கால்கள் இங்கே கழிப்பறைக்குப் போய்வரும் தூரத்தோடு நின்றுவிடுகின்றன. கீமோவும் கதிர்வீச்சும் ஸ்டீராய்டும் தசையைக் கரைக்கும். அசையாமல் கிடப்பது அந்தக் கரைதலை இன்னும் வேகப்படுத்தும். முதலில் போவது தொடையும் கெண்டைக்காலும்தான். வீடு திரும்பிய பிள்ளை மூன்று படி ஏறியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், தரையில் உட்கார்ந்தால் தொடையில் கை ஊன்றி எழுவதும் அதனால்தான்.

புற்றுநோய் சிகிச்சை பெறும் பிள்ளைகளுக்கான சர்வதேச உடற்பயிற்சி வழிகாட்டுதல்கள் 2021இல் வெளியாகின. சிகிச்சையின் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் அசைவது அவசியம் என்பதே அவற்றின் அடிப்படை. மாற்று சிகிச்சை அறைக்கும் அது பொருந்தும், ஆனால் கூடுதல் கவனத்தோடு. உள்ளே போகும்போது இருந்த வலுவில் முடிந்தவரை குறையாமல் வெளியே வருவதுதான் இங்கே இலக்கு. அதனால் எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: மருத்துவர் நிறுத்தச் சொன்ன நாளைத் தவிர, எந்த நாளும் வெறும் நாளாகப் போகக் கூடாது. ஐந்து நிமிடம் கணுக்காலை ஆட்டியிருந்தாலும் அது கணக்கில் சேரும்.

கீழே வரும் எல்லைகள் பல மாற்று சிகிச்சை மையங்களில் புழங்குபவை. உங்கள் வார்டு வேறு எண் சொன்னால் வார்டு சொல்வதுதான் சரி. அவர்களுக்குத் தெரியாமல் எதையும் தொடங்க வேண்டாம்.

1. அட்மிட் ஆவதற்கு முன்: அளந்து எழுதி வையுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். ஆரம்ப அளவு இல்லாவிட்டால் நான்காவது வாரத்தில் பிள்ளை எவ்வளவு இழந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பிசியோதெரபிஸ்ட் இருந்தால் அவரே அளப்பார். இல்லாவிட்டால் நான்கு அளவுகள் போதும். ஐந்தாறு வயதுக்கு மேல் இவற்றை எளிதாகச் செய்யலாம்.

பாதம் முழுவதும் தரையில் பதிந்து முழங்கால் நேர்கோணத்தில் மடங்கும் உயரமுள்ள நாற்காலியில் பிள்ளையை உட்கார வையுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறது என்று எண்ணுங்கள். அடுத்தது, அதே நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்பது. மூன்றாவது, தரையில் மல்லாந்து படுத்த நிலையிலிருந்து எழுந்து நிற்கும் நேரம். எழும்போது கை எங்கே ஊன்றுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான்காவது கணுக்காலுக்கு. சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொல்லுங்கள். தொட முடிகிற மிக அதிக தூரத்தில், கட்டை விரலுக்கும் சுவருக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று இரு காலுக்கும் தனித்தனியாக அளவெடுங்கள்.

கடைசி அளவு சின்ன விஷயமாகத் தோன்றும். முன்பு வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து எடுத்த பிள்ளைகளுக்கு நரம்பு பாதிப்பால் முன்பாதத்தைத் தூக்கும் தசை ஏற்கெனவே பலவீனமாக இருக்கலாம். கட்டிலில் பாதம் கீழ்நோக்கித் தொங்கியபடி வாரக்கணக்கில் கிடந்தால் குதிகால் தசைநாணும் கெண்டைக்காலும் இறுகிவிடும். இறுகிய கெண்டைக்காலை மீட்க மாதங்கள் ஆகும்; தினமும் சில நிமிடம் நீட்டினால் இறுகாமலே தடுத்துவிடலாம்.

மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணு) எந்த அளவுக்குக் கீழே போனால் எதை நிறுத்த வேண்டும், இதய எக்கோ எப்படி இருந்தது, எலும்பில் ஏற்கெனவே பிரச்சினை உண்டா, சென்ட்ரல் லைன் (மார்பு வழியாகப் பெரிய இரத்தக் குழாய்க்குள் போகும் மருந்து டியூப்) போட்ட பிறகு எத்தனை நாள் அந்தப் பக்கக் கையை உயர்த்தக் கூடாது. இதயத்தைப் பற்றிக் கேட்கக் காரணம் இருக்கிறது. முன்பு எடுத்த ஆந்த்ராசைக்ளின் வகை கீமோவும், மாற்றுக்கு முன் தரப்படும் அதிக அளவு சைக்ளோபாஸ்பமைடும் இதயத்தைப் பாதிக்கக்கூடியவை.

பையில் எடுத்துப் போக வேண்டியவை: பின்பக்கம் மூடிய, வழுக்காத அடிப்பகுதி கொண்ட புது ஷூ, தளர்வான பருத்தி உடைகள், துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய ஒரு பந்து, மென்மையான எலாஸ்டிக் பட்டை ஒன்று. செருப்பு வேண்டாம். வெறும் சாக்ஸ் அதைவிட மோசம்.

2. அறையைத் தயார் செய்வது

முதல் நாளே செய்துவிடுங்கள். அன்றைக்குத்தான் பிள்ளைக்கும் உற்சாகம் இருக்கும். டிரிப்ஸ் பம்பிலிருந்து பிள்ளைவரை டியூப் எவ்வளவு தூரம் வருகிறது என்று அளந்து, தரையில் துடைக்கக்கூடிய டேப்பால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குள்தான் எல்லா விளையாட்டும். அறையில் நீளமான நேர்வழி எது என்று பார்த்து, போய் வர எத்தனை மீட்டர் என்று கணக்கிட்டு சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஒரு சுற்று 8 மீட்டர் என்றால் 25 சுற்று 200 மீட்டர். இப்படிக் கணக்குத் தெரிந்தால் பிள்ளைகள் தாமாகவே எண்ணத் தொடங்கிவிடும்.

கட்டிலின் சக்கரங்கள் பூட்டியிருக்க வேண்டும். கட்டில் கம்பியைப் பிடித்துச் செய்யும் எந்தப் பயிற்சிக்கும் முன் இதைப் பாருங்கள். ஸ்டாண்டின் சக்கரம் தடையின்றி ஓடுகிறதா, பம்பில் சார்ஜ் இருக்கிறதா, சுவர் பிளக்கிலிருந்து வயர் கழற்றியாகிவிட்டதா என்பதையும் பாருங்கள். சுவரில் மாட்டிய வயரை மறந்து நடக்கத் தொடங்குவது வார்டில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

சென்ட்ரல் லைன் மார்பில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. நுனிப் பகுதியை வளையமாகச் சுருட்டி உடையோடு சேர்த்துப் பொருத்தவோ, கழுத்தில் மாட்டும் துணிப்பையில் வைக்கவோ செவிலியரிடம் சொல்லுங்கள். இழுவை தோலில் விழாமல் அந்த வளையத்தில் விழ வேண்டும்.

பயிற்சிப் பொருள் எல்லாம் அந்த ஒரு பிள்ளைக்கே. ஒவ்வொரு முறையும் வார்டு தரும் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். பெடல் சைக்கிள் பல அறைகளுக்குப் போய்வருவதாக இருந்தால் கைப்பிடி, பெடல், இருக்கை, பிரேக் கம்பி எல்லாமே துடைக்கப்பட்டதா என்று கேளுங்கள். துடைக்க முடியாத துணிப் பாயும், வேறொரு பிள்ளை பயன்படுத்திய பட்டையும் உள்ளே வரக் கூடாது.

3. ஒவ்வொரு காலையும்: எண்ணைப் பார், பிள்ளையைப் பார்

இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அன்றைய திட்டத்தைத் தீர்மானியுங்கள். நேற்றைய எண்ணை நம்பி இன்று செய்ய வேண்டாம். பிளேட்லெட் ஒரு மைக்ரோலிட்டருக்கு எத்தனை என்பதுதான் முதல் கேள்வி. சில அறிக்கைகளில் வெறும் 20 என்று இருக்கும், அது 20,000.

- 50,000க்கு மேல்: முழுத் திட்டம். பட்டை, படி, சைக்கிள், பொறுத்துக்கொள்ளும் அளவு எதிர்ப்புப் பயிற்சி (பட்டை, எடை போன்றவற்றின் இழுவையை எதிர்த்துத் தசை வேலை செய்வது).
- 20,000 முதல் 50,000 வரை: உடல் எடையைக் கொண்டு செய்யும் பயிற்சி, நடை, எதிர்ப்பு இல்லாத பெடல், மிக மென்மையான பட்டை. குதித்தல் இல்லை, விழ வாய்ப்புள்ள விளையாட்டு இல்லை.
- 10,000 முதல் 20,000 வரை: துணையோடு நடை, நாற்காலியிலிருந்து எழுதல், மூட்டுகளை முழு அளவு அசைத்தல். எதிர்ப்பு எதுவும் வேண்டாம்.
- 10,000க்குக் கீழ்: மருத்துவரைக் கேட்ட பிறகே. பெரும்பாலும் பிளேட்லெட் ஏற்றுவார்கள். ஏற்றிய பின் செய்யலாம். அதுவரை உட்காருவது, துணையோடு கழிப்பறை போவது, கட்டிலில் மெல்ல அசைப்பது.

எந்த எண்ணாக இருந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கக் கூடாது. அப்போது தலைக்குள் அழுத்தம் ஏறும். பிளேட்லெட் குறைந்த பிள்ளைக்கு அது ஆபத்து. பயிற்சி செய்யும்போது சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கொண்டே மூச்சைப் பிடிக்க முடியாது. இதே காரணத்துக்காகத் தலைகீழாகத் தொங்கும் நிலைகளும், கரடி போல் தலை தாழ்த்தி நடப்பதும் பிளேட்லெட் நன்றாக ஏறும்வரை வேண்டாம்.

ஹீமோகுளோபின் 8க்குக் கீழே இருந்தால் வேகத்தைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டுங்கள். படபடப்போ மூச்சிரைப்போ தலைச்சுற்றலோ இருந்தால் எண் எதுவானாலும் அன்று கட்டில் பயிற்சி மட்டும். வெள்ளணுக்கள் பூஜ்யத்தில் இருப்பது பயிற்சியைத் தடுக்கும் காரணமாகாது. அறைக்குள், சுத்தமான பொருளோடு செய்யலாம். காய்ச்சல் 38 டிகிரிக்கு மேல் இருந்தால் களைப்பூட்டும் பயிற்சி வேண்டாம். குளிர் நடுக்கமோ இரத்த அழுத்தம் இறங்குவதோ இருந்தால் எதுவுமே வேண்டாம். காய்ச்சல் தணிந்து பிள்ளை தெளிவாக இருந்தால் அன்று மாலையே மெல்லத் தொடங்கலாம்.

நாடித்துடிப்பைக் கணக்கிட்டுப் பயிற்சி தரும் முறை இங்கே உதவாது. காய்ச்சல் ஒரு டிகிரி ஏறினாலே துடிப்பு நிமிடத்துக்குப் பத்துக்குப் பக்கமாக ஏறும். இரத்தசோகையும் மருந்துகளும் அதை இன்னும் ஏற்றும். அதனால் 0 முதல் 10 வரை சிரம அளவு கேளுங்கள். 0 என்றால் சோபாவில் சாய்ந்திருப்பது போல, 10 என்றால் இதற்கு மேல் ஒரு அடியும் முடியாது. 4 முதல் 6க்குள் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு முகப்படம் வரைந்து காட்டுங்கள். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அந்த அளவு சரி.

4. ஒரு முழு அமர்வு

பள்ளி வயதுப் பிள்ளைக்கு, பிளேட்லெட் 50,000க்கு மேல் இருக்கும் நாளில், சுமார் 25 நிமிடம். வலி மருந்து வாய்வழி கொடுத்திருந்தால் 45 நிமிடம் கழித்தும், குமட்டல் மருந்து கொடுத்திருந்தால் அரை மணி கழித்தும் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கு முன்னால் வற்புறுத்துவதால் கெட்டுப்போகும் அமர்வுகள் ஏராளம்.

எழுவதற்கே ஒரு முறை உண்டு. கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு 2 நிமிடம் உட்கார வேண்டும். கணுக்காலை 20 முறை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். பிறகு எழுந்து, கட்டிலைப் பிடித்தபடி 30 விநாடி நின்று, தலை சுற்றவில்லை என்றால்தான் அடி எடுத்து வைக்க வேண்டும். நாள்கணக்கில் படுத்திருந்த உடம்பு நிமிர்ந்ததும் இரத்த அழுத்தம் இறங்கும். பிள்ளைகள் மயங்கி விழுவது பெரும்பாலும் இந்த முதல் ஒரு நிமிடத்தில்தான்.

முதல் 3 நிமிடம் நின்ற இடத்திலேயே மெதுவாக நடப்பது, தோளைச் சுழற்றுவது. பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 8 முறை. உட்காரும்போது மூன்று எண்ணும்வரை மெதுவாக இறங்க வேண்டும், தொப்பென்று விழக் கூடாது. தொடைக்கு வேலை அந்த இறங்குதலில்தான் அதிகம். ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி 8. அடுத்து கட்டில் கம்பியைப் பிடித்துக் குதிகால் உயர்த்துதல் 10, உடனே குதிகாலில் நின்று முன்பாதம் தூக்குதல் 10. இந்த இரண்டும் சேர்ந்து இரண்டு சுற்று. முன்பாதம் தூக்குவதில் ஒரு கால் பின்தங்கினால் அதை எழுதி வையுங்கள்.

சுவரில் இரு உள்ளங்கையும் பதித்து, முழங்கையை மடக்கித் தள்ளுவது 8 முறை, இரண்டு சுற்று. 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள, வழுக்காத படிப்பலகை இருந்தால் ஒவ்வொரு காலாலும் 8 முறை ஏறி இறங்கலாம். பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில், பிள்ளைக்குப் பக்கவாட்டில் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். முன்னால் நின்று கையைப் பிடித்து இழுப்பதால் பயனில்லை. இழுத்தால் சமநிலை இன்னும் கெடும். ஒரு காலில் நிற்பது, பக்கத்துக்கு 10 முதல் 20 விநாடி.

பிறகு 6 முதல் 8 நிமிடம் நடை அல்லது பெடல். தொடர்ந்து முடியாவிட்டால் 2 நிமிடம் செய்து ஒரு நிமிடம் நிறுத்தி, அப்படியே மூன்று முறை. கடைசியில் சுவரில் கை வைத்து, ஒரு காலைப் பின்னே நீட்டி, குதிகாலை அழுத்தி, கெண்டைக்காலை 30 விநாடி நீட்டுங்கள். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. இதை மட்டும் எந்த நாளும் விடாதீர்கள். நிற்க முடியாத நாளில் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு துண்டை முன்பாதத்தில் மாட்டித் தன்பக்கம் இழுக்கலாம்.

கூட்டுவது எப்படி? அடுத்தடுத்து இரண்டு அமர்வுகளில் சிரம அளவு 4க்குக் கீழே இருந்தால் எண்ணிக்கையில் 2 கூட்டுங்கள், அல்லது நடையில் ஒரு நிமிடம். இரண்டையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள். மறுநாள் காலை வழக்கத்தைவிடக் களைப்பாக எழுந்தால் முந்தைய அளவுக்கு இறங்குங்கள்.

வாரம் ஐந்து அமர்வு நல்ல இலக்கு. ஆனால் எங்கள் கணிப்பில் அமர்வைவிட அதிகம் காப்பாற்றுவது மீதி நேரம். சாப்பாடு, டிவி, படம் வரைதல், வீடியோ கால் எல்லாம் நாற்காலியில். பகலில் 2 மணிக்கு ஒருமுறையாவது கட்டிலை விட்டு எழ வேண்டும். 25 நிமிடப் பயிற்சி செய்துவிட்டு மீதி 23 மணி நேரமும் படுத்திருந்தால் அந்தப் பயிற்சியால் ஈடுகட்ட முடியாது.

5. மோசமான நாளுக்கான குறைந்தபட்சப் பட்டியல்

இதை உள்ளே போகும் முன்பே பிள்ளையோடு உட்கார்ந்து எழுதுங்கள். வாய் முழுக்கப் புண்ணோடு படுத்திருக்கும் பிள்ளையிடம் திட்டம் பேச முடியாது. ஆறேழு நிமிடம், நாளுக்கு இருமுறை:

கணுக்கால் மேலும் கீழும் 20. ஒவ்வொரு முழங்காலையும் மடக்கி நீட்டல் 10. முழங்காலின் பின்பக்கத்தைப் படுக்கையில் அழுத்தித் தொடையை 5 விநாடி மெதுவாக இறுக்குதல் 10, எண்ணிக்கொண்டே. கையைத் தலைக்கு மேல் தூக்குதல் 8. துண்டால் கெண்டைக்கால் நீட்டல். ஆழ்மூச்சு 10. முடிந்தால் கட்டில் ஓரத்தில் 5 நிமிடம் உட்காருதல், அவ்வளவுதான்.

மூச்சுப் பயிற்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். படுத்தே கிடக்கும்போது நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது, சளி தேங்கும், அங்கே தொற்று வந்தால் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆபத்து. உறிஞ்சினால் பந்து மேலேறும் ஸ்பைரோமீட்டர் கொடுத்திருந்தால் விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் 10 மூச்சு, ஒவ்வொன்றிலும் 3 விநாடி நிறுத்தி மெல்ல விட வேண்டும். சின்னப் பிள்ளைக்குக் காற்றாடி ஊதுவது போதும். பலூன் வேண்டாம்; முக்கி ஊத வேண்டியிருக்கும், வாய்ப்புண்ணில் வலிக்கும்.

6. கட்டம் கட்டமாக என்ன மாறும்

மாற்றுக்கு முந்தைய கீமோ நாட்கள் பெரும்பாலும் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை. இந்த நாட்களில் இரத்த அணுக்கள் இன்னும் நன்றாகவே இருக்கும். குமட்டல் இருக்கும், ஆனால் வலு இருக்கும். முழுத் திட்டத்தையும் இப்போதே பழக்கமாக்குங்கள். முழு உடல் கதிர்வீச்சு நாளுக்கு இருமுறை தரப்பட்டால் இரண்டுக்கும் நடுவில் ஒரு குட்டி நடை போதும்.

தயோடெபா என்ற கீமோ மருந்துக்குத் தனி கவனம். அது வியர்வை வழியாகத் தோலுக்கு வரும். அங்கே தங்கினால் தோல் கருகி உரியும். அதனால்தான் பல மையங்களில் 6 மணிக்கொரு முறை குளிப்பாட்டுகிறார்கள். இந்த நாட்களில் லேசான பயிற்சி மட்டும், அதுவும் குளியலுக்குச் சற்று முன்னால். தளர்வான பருத்தி உடை. பட்டையோ இறுக்கமான பேண்டேஜோ தோலில் ஒட்டிக் கிடக்கக் கூடாது. பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பவர் கையுறை போட்டிருக்க வேண்டும்.

ஏடிஜி எனப்படும் எதிர்ப்பணு மருந்து ஏறும்போதும், நாள் 0இல் ஸ்டெம் செல் ஏறும்போதும் பயிற்சி இல்லை. காய்ச்சல், நடுக்கம், அழுத்த மாற்றம் எதுவும் வரலாம். செவிலியர் அடிக்கடி அளந்துகொண்டிருப்பார். ஏறி முடிந்து, அளவுகள் நிலையாக இருந்தால் அன்று மாலை நாற்காலியில் உட்கார வையுங்கள்.

அடுத்த இரண்டு மூன்று வாரம்தான் பள்ளம். அணுக்கள் அடிமட்டத்தில், வாய்ப்புண் உச்சத்தில், காய்ச்சல், டிரிப் வழியாக வலி மருந்து. ஐந்தாம் பகுதியின் பட்டியல் இந்த நாட்களுக்காகத்தான். வலி மருந்து தொடர்ச்சியாக ஓடுகிறது என்றால் பிள்ளை தூக்கக் கலக்கத்தில் இருக்கும். தனியாக எழ விடாதீர்கள். நீர் ஏற்றுவதாலும் சிறுநீர் பெருக்கும் மருந்தாலும் இரவில் நாலைந்து முறை எழ வேண்டியிருக்கும். இருட்டு, டியூப், அவசரம், கலங்கிய தலை: விழுவதற்கு எல்லாமே தயாராக இருக்கும். சிறிய விளக்கு எரியட்டும், ஷூ கட்டிலடியில் தயாராக இருக்கட்டும், ஒருவர் கூடவே போகட்டும்.

செல்கள் பிடித்துக்கொண்டதற்கு அடையாளம் நியூட்ரோபில் என்ற வெள்ளணு மூன்று நாள் தொடர்ந்து 500க்கு மேல் நிற்பது. பிள்ளை முகம் தெளியும், வாய்ப்புண் ஆறும், எழுந்து ஓடப் பார்க்கும். இங்கேதான் எச்சரிக்கை தேவை. பிளேட்லெட் பெரும்பாலும் நியூட்ரோபிலுக்குப் பின்னால்தான் ஏறும். பிள்ளை நன்றாக இருப்பது போலத் தெரியும், பிளேட்லெட் 15,000 இருக்கும், கால் மூன்று வாரம் பயன்படாத கால். அந்த வாரத்தில் காலை எண்ணைப் பார்க்காமல் எதற்கும் சம்மதிக்காதீர்கள். பிளேட்லெட் 20,000ஐத் தாண்டி நிலைத்ததும் அமர்வை மெல்லத் திரும்பக் கொண்டுவரலாம், பழைய எண்ணிக்கையில் பாதியிலிருந்து.

7. சின்னஞ்சிறுசுகளும் விடலைகளும்

ஐந்து வயதுக்குக் கீழே பயிற்சி என்ற சொல்லே தேவையில்லை. பொம்மைகளைத் தரையில் ஒரு கூடையிலும் ஜன்னல் திட்டில் இன்னொரு கூடையிலும் வையுங்கள். குனிந்து எடுத்து, எழுந்து, எக்கி வைத்தால் அதுவே தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் பயிற்சி; பத்துப் பொம்மை என்றால் பத்து முறை. குந்துவதைவிட்டு எப்போதும் இடுப்பை மட்டும் வளைத்து எடுக்கத் தொடங்கினால் தொடை வலுக் குறைகிறது என்று அர்த்தம். ஸ்டிக்கரைத் தலைக்கு மேல் ஒட்டச் சொல்லலாம். லைன் பக்கத்துத் தோள் இறுகாமல் இருக்கும். லைன் போட்ட இடம் ஆறிய பிறகும் பயத்தில் அந்தக் கையை உடம்போடு ஒட்டியே வைத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

கைக்குழந்தையைப் பெற்றோர் மார்பில் குப்புற வைத்து, 3 முதல் 5 நிமிடம், நாளில் சில முறை தலையைத் தூக்க விடுங்கள். லைன் நடுவில் நசுங்காமல் பார்க்க வேண்டும். தவழும் குழந்தைக்குத் தரை விரிப்பு துடைக்கக்கூடியதாக இருக்கட்டும். டியூபை ஒருவர் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டே பின்னால் போக வேண்டும். நடக்கத் தொடங்கிய குழந்தை வார்டில் நடையை மறந்து தவழத் தொடங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பதின்வயதுப் பிள்ளைகளிடம் பிரச்சினை வேறு. இரவெல்லாம் விழிப்பு, பகலெல்லாம் தூக்கம், கேட்டால் கோபம். காலை 8 மணிக்குத் திரையை விலக்கி வெளிச்சம் விடுங்கள்; அமர்வை 11 மணிக்கு முன் வைக்காதீர்கள். 'செய்கிறாயா?' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் வரும். 'நடையா, பெடலா?' என்று கேளுங்கள். மூன்று நிமிடம் செய்த பிறகு நிறுத்த உனக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிடுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். இந்த வயதில் உடம்பு தன் கையை விட்டுப் போய்விட்டது என்ற உணர்வுதான் பெரிய வலி. எதைச் செய்வது, எப்போது நிறுத்துவது என்று தானே முடிவெடுக்கும் ஒரே இடம் இதுவாக இருக்கலாம். பதிவேட்டையும் அவர்களே எழுதட்டும்.

8. எது தவறாகும், ஏன்

ஸ்டீராய்டு. கொடையாளி செல்கள் பிள்ளையின் உடலைத் தாக்கும் நிலைக்கு, அதாவது வார்டில் ஜிவிஎச்டி என்று சொல்வதற்கு, அதிக அளவு ஸ்டீராய்டு தருவார்கள். அது இடுப்பையும் தொடையையும் ஒட்டிய பெரிய தசைகளை முதலில் பலவீனமாக்கும். கழிப்பறை இருக்கையிலிருந்து எழச் சிரமம், படி ஏறச் சிரமம் என்று தெரியவரும். மருந்தை நீங்களாகக் குறைக்க முடியாது. நாற்காலியிலிருந்து எழும் பயிற்சியைக் கூட்டலாம். 8 முறை முடியாவிட்டால் இருக்கையில் தலையணை போட்டு உயர்த்தி, 4 முறையாக நாளுக்கு நான்கு தடவை.

எலும்பு. அதே ஸ்டீராய்டு எலும்புக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் கெடுத்து, குறிப்பாக இடுப்பு மூட்டின் தலைப்பகுதியைச் சிதைக்கலாம். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அடையாளம் கவட்டையில் வலி. சில சமயம் முழங்கால் வலி மட்டும் இருக்கும், முழங்காலில் ஒன்றும் இருக்காது. நடக்கும்போது நொண்டினால் குதித்தலையும் படி ஏறுதலையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். தசைவலி என்று நினைத்து நீட்டிவிட்டுப் போக வேண்டாம்.

நடுக்கமும் தசைப்பிடிப்பும். ஜிவிஎச்டியைத் தடுக்கத் தரும் சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமஸும் கை நடுங்க வைக்கும், மெக்னீசியத்தைக் குறைக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். கெண்டைக்கால் அடிக்கடி பிடித்துக்கொண்டால் இரத்தத்தில் மெக்னீசியம், பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மருந்துகளின் நாட்களில் கடும் தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால் உடனே அழைப்பு மணியை அழுத்துங்கள்.

தோல். உள்ளங்கையும் பாதமும் சிவந்து எரிந்தால் பட்டையைப் பிடிப்பதும் நீண்ட நடையும் கொப்புளத்தில் முடியும். படுத்தபடி செய்யும் கால் பயிற்சிகளுக்கு மாறுங்கள்.

வயிறு. ஒரே நாளில் எடை ஏறி, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலித்தால் கல்லீரலின் சின்ன இரத்தக் குழாய்கள் அடைபடுவதன் தொடக்கமாக இருக்கலாம். பயிற்சியை நிறுத்தி உடனே சொல்ல வேண்டும்.

உடனே நிறுத்தி செவிலியரை அழைக்க வேண்டியவை இன்னும் உண்டு: நெஞ்சுவலி, உட்கார்ந்தும் அடங்காத படபடப்பு, மயக்கம், புதிதாக இரத்தக் கசிவு, தோலில் புதிய சிவப்புப் புள்ளிகள், ஆக்சிஜன் அளவு வார்டு சொன்ன எல்லைக்குக் கீழே போவது (பெரும்பாலும் 90 முதல் 92 சதவீதம்), லைன் போட்ட இடத்தில் ஈரமோ இரத்தமோ. தலையில் எவ்வளவு லேசாக அடிபட்டாலும், பிள்ளை சிரித்துக்கொண்டே இருந்தாலும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

9. வீடு திரும்பும் வாரம்

அட்மிட் ஆவதற்கு முன் எடுத்த அதே நான்கு அளவுகளையும் டிஸ்சார்ஜுக்கு முன் மறுபடி எடுங்கள். குறைவு இருக்கும். எவ்வளவு குறைவு, எந்தக் காலில் என்பதைப் பார்த்துத்தான் வீட்டுத் திட்டம் எழுத வேண்டும். வீட்டில் படி இருந்தால் வார்டிலேயே படி பழக்குங்கள். ஏறும்போது வலுவான கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில்.

வீட்டில் முதல் இரண்டு வாரம் 5 முதல் 10 நிமிட நடை, நாளுக்கு மூன்று முறை. களைப்பு மறுநாள்வரை நீடிக்காவிட்டால் வாரந்தோறும் சில நிமிடம் கூட்டுங்கள். கூட்டமில்லாத நேரத்தில், நிழலில், தொப்பியும் முழுக்கை உடையுமாக. வெயில் தோலில் ஜிவிஎச்டியைத் தூண்டக்கூடும். லைன் எடுக்கும்வரை நீச்சல் இல்லை; எடுத்த பிறகும் மருத்துவர் சொன்னால்தான். மண்ணில் விளையாட்டு, தோட்டம் கொத்துதல், உடற்பயிற்சிக் கூடம், மோதி விளையாடும் ஆட்டங்கள் எதுவும் இப்போது வேண்டாம். நோய் எதிர்ப்பு திரும்ப, குறிப்பாகக் கொடையாளியின் செல் பெற்றவர்களுக்கு, பல மாதங்கள் பிடிக்கும். ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

மாதம் ஒருமுறை அந்த நான்கு அளவுகளையும் எடுத்து, தேதியோடு அதே நோட்டில் எழுதுங்கள். மறுபரிசோதனைக்குப் போகும்போது நோட்டையும் கொண்டுபோங்கள். எண்ணிக்கை அப்படியே நின்றாலோ, ஏறிக்கொண்டிருந்தது திடீரென இறங்கினாலோ, மருத்துவரிடம் அன்று முதலில் காட்ட வேண்டியது அந்தப் பக்கம்தான்.